மூன்று அம்மனும் ஒரு கூடை வஞ்சிரமும்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அம்பத்தூரில் சொந்தமாக வேன் வாங்கி, அதை நானே ஓட்டி, சுற்றுவட்டாரச் சனங்களைக் கோயில் குளமென்று கூட்டிப்போனவன். எந்தக் கோயிலில் எத்தனை நிமிடம் நிற்கலாம், எந்த வாசலில் நுழைந்தால் கூட்டம் குறைவு, செருப்பை எங்கே விட்டால் திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் என் மண்டைக்குள் இருந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களும் என்னைக் கேட்டுத்தான் கிளம்புவார்கள்.

கேட்பார்கள், அவ்வளவுதான். அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினால் சாமிக்கு ஐந்து நிமிடம், பிளாஸ்டிக் குடம் பேரம் பேச இருபத்தைந்து நிமிடம். ஒருத்தர், "பக்கத்துலதான் என் சித்தி ஊடு, எட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று போவார். அங்கே காபி போடுகிறோம் என்று உட்காரவைத்துவிடுவார்கள். நான் தெருவில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைத்தது பெரிய காரியமாகிவிட்டது. அப்போது என் மனைவி ஒரு வேண்டுதல் வைத்தாள். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் காலையில் வடக்கே மேலூர் அம்மன், உச்சியில் திருவொற்றியூர் அம்மன், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திருமுல்லைவாயில் அம்மன். மூன்றையும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பார்ப்பது. முதல் தடவை மழை கெடுத்தது. இரண்டாம் தடவை நடுவழியில் டயர் வெடித்தது. அது வேறு ஒருத்தர் வண்டி, என்னுடையது இல்லை. அப்படி ஒரு நாள் அடிக்கடி வராது. "இந்த வாட்டியும் தவறினா அம்மா மன்னிக்க மாட்டா" என்று அழுதாள். "நான் ஓட்டறேன், எப்படித் தவறும்?" என்றேன்.

மூன்றாம் தடவை, அவளைப்போல விரதமிருந்த தெருப் பெண்களும் என் வண்டியில் வந்தார்கள். மேலூரிலிருந்து சொன்ன நேரத்துக்குக் கிளம்பினோம். திருவொற்றியூரிலும் தரிசனம் முடிந்தது. எல்லாரும் ஏறிவிட்டார்கள், என் மச்சினனைத் தவிர. மனைவியின் தம்பி, ஆவடி பாக்டரியில் வேலை. இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று.

"விட்டுட்டுப் போலாமா?" என்றேன்.

"என் தம்பியைத் தெருவுல விட்டுட்டு நான் எந்த அம்மனைப் போய்ப் பாக்கறது?" என்றாள் மனைவி. காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டே சொன்னாள்.

மூன்றரைக்கு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினான். கையில் ஓலைக் கூடை. சொட்டுகிறது.

"இன்னாடா அது?"

"வஞ்சிரம் மாமா. காசிமேடு பக்கத்துலதானே கீது, மீனு போட்டு கரைக்கு வந்தா வாங்கிக்கினு வந்துர்லாம்னு போனேன். போட்டு லேட்டு."

"வெள்ளிக்கெழமைடா! உள்ள பூரா விரதம்டா!"

"நான் இன்னா இப்பவே துன்னவா போறேன்? நாளைக்கி சனிக்கெழம மாமா. இம்மாந்தூரம் வந்துட்டு கைய ஆட்டிக்கினு போவ சொல்றியா?"

வண்டிக்குள் பத்துப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். கூடையைத் தூக்கி எறியப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். சண்டை போட நேரமில்லை. மேலே கேரியரில் கட்டச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் தப்பானது அது ஒன்றுதான்.

பாடிக்கு வந்தபோது எஸ்டேட் கம்பெனிகளில் ஷிப்ட் விட்டுவிட்டது. சாலை முழுக்கச் சைக்கிள். ஒருவன் குறுக்கே வந்தான், பிரேக்கை மிதித்தேன். மேலே கூடை சரிந்து, உருகின ஐஸ் தண்ணீர் அத்தனையும் ஜன்னல் வழியாக இறங்கியது. அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. தலை, முகம், புதுப் புடவை, எல்லாம் மீன் தண்ணீர்.

கத்தவில்லை. "இப்படியே எப்படி உள்ள போறது?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் மச்சினனுக்குக் கொடுத்தேன். திருமுல்லைவாயில் வரும்வரை கொடுத்தேன்.

கோயில் தெருவில் நுழையும்போது வானம் சிவந்து அடங்கிக்கொண்டிருந்தது. வண்டி நிற்பதற்குள் அவன் குதித்து ஓடினான். தெருமுனை அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களிடம், "கொஞ்சம் வழி உடுங்கம்மா, எங்கக்கா வேண்டுதலு" என்று கும்பிட்டான். என் மனைவி குழாயடியில் குந்தினாள். அவன் மூச்சு வாங்கப் பம்பை அடித்தான். தலையோடு குளித்து, சொட்டச் சொட்ட எழுந்து உள்ளே ஓடினாள்.

நாங்கள் பின்னாலே போனபோது அம்மன் முன்னால் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏற்றவில்லை.

"ஈரப்பொடவையோட கும்புட்டா பலன் ஜாஸ்தி மாமா," என்று என் காதருகே சொன்னான், என்னவோ திட்டம் போட்டுச் செய்தவன்போல. கோயிலாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தாள். விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டிய ஆள் நான், எதிரே நிற்கிறேன். என்னைத் தாண்டிப் போய், கையிலிருந்த குங்குமத்தை முதலில் தம்பி நெற்றியில் வைத்தாள்.