சிங்கிளுக்கு ரூம் இல்லை

“எந்தமந்தி?”

தேவசேனா அக்கா இதைக் கேட்கும்போது தலையை நிமிர்த்துவதில்லை. கண் கைபேசியில் இருக்கும், இல்லாவிட்டால் மடியில் வைத்து உரித்துக்கொண்டிருக்கும் பூண்டில் இருக்கும். எத்தனை பேர் என்ற அந்தத் தெலுங்குக் கேள்விக்கு, ரூம் கேட்டு வந்தவர் விரலைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். அதையும் கவுண்ட்டருக்கு மேல் குனிந்து, அக்காவின் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து காட்ட வேண்டும். நான்கு விரல் என்றால் கை சாவிப் பலகைக்குப் போகும். இரண்டு விரல் என்றால் அடையாள அட்டைக்காக உள்ளங்கை நீளும். ஒற்றை விரல் என்றால் பூண்டு உரிப்பது நிற்காது. “சிங்கிள்க்கு ரூம் லேது” என்பார். வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் தலை நிமிரும்.

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் நாலு மாடி லாட்ஜ் அது. மாடிப்படியை ஒட்டினாற்போல் கீழே என் டிராவல்ஸ் கடை. ஏறுகிறவர்களையும் உடனே இறங்கி வருகிறவர்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன், தனியாக வருகிறவன் என்ன பாவம் செய்தான் என்று.

“மொதலாளி ரூல் தம்பி. ஒருத்தரா வர்றவரு இன்னா நெனப்புல வந்தாருன்னு யாரு கண்டது? காலையில கதவ ஒடைக்கிறது நானு.”

ஒரு தடவை உடைக்க வேண்டியும் வந்திருக்கிறது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அட்டை விஷயத்தில் அக்காவை ஏமாற்ற முடியாது. முன்பக்கப் படத்தை மேலோட்டமாகப் பார்ப்பார். பின்பக்க முகவரியை உதடு அசைய முழுதாகப் படிப்பார். “மூஞ்சில இன்னா கீது? ஆளு யாருன்னு பின்னாலதான் எழுதியிருக்கும்.” ஆணும் பெண்ணும் இரண்டு வேறு முகவரியோடு வந்தால் அதற்கும் ரூம் கிடையாது. முகவரி சரியாக இருந்தால் அட்டை டிராயருக்குள் போகும். ரூமைக் காலி செய்து சாவியைக் கொடுக்கிற வரைக்கும் வெளியே வராது. எவ்வளவு பெரிய ஆபீசராக இருந்தாலும் இதே கதிதான்.

அக்காவுக்குச் சொந்த ஊர் நகரி. கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். யாராவது கேட்டால், “அவரு வெக்கேட் பண்ணிட்டாரு” என்று முடித்துக்கொள்வார். பிள்ளை இல்லை. நாலாவது மாடிக் கோடியில், தண்ணீர்த் தொட்டியின் மோட்டாருக்குக் கீழே ஒரு சின்ன அறையை முதலாளி அவருக்கு விட்டிருக்கிறார். அந்த லாட்ஜில் ரூம் கிடைத்த ஒரே சிங்கிள் அக்காதான். இதை ஒருமுறை வேடிக்கையாக நினைத்துச் சொல்லித் தொலைத்தேன். அக்காவும் சிரித்தார். வழக்கமாக மாலையில் எனக்கும் சேர்த்து வாங்குகிற டீ அன்றைக்கு வரவில்லை.

மதியச் சாப்பாடு கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றபடிதான். உட்கார்ந்தால் என்ன என்றால், “ஒருத்தி துன்றதுக்கு எதுக்கு எல விரிச்சி ஒக்காரணும்? நின்னுகினே துன்னா ஒரு வேல முடிஞ்சிது” என்பார். இரவு படுக்கப் போகுமுன் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு கதவின் பிடியையும் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

போன வருஷம் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் ஒரு சொகுசுக் கப்பலுக்கு ஆள் சேர்த்தேன். குழுவைக் கூட்டிப்போகிறவனும் நானே. அக்கா தன் சீட்டுப் பணத்தை எடுத்து இரண்டு பேருக்கு ஒரு கேபின் போட்டார். துணைக்கு வருவதாக இருந்தது அவருடைய அண்ணன் மகள் அகிலா, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அக்காவை நான் அப்படி உற்சாகமாகப் பார்த்ததே இல்லை. சந்திலிருந்த இட்லிக் கடைக்காரர் வரைக்கும், “கப்பல்ல போறேன்” என்று சொல்லி வைத்திருந்தார்.

டிக்கெட்டோடு செலவு முடிவதில்லை. கப்பல் நிற்கிற ஊர்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கத் தனிக் கட்டணம். அதில் எனக்குக் கமிஷன் உண்டு என்பதால் என் பேச்சை நம்ப வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஆனாலும் கூட்டம் குறைந்த மதிய வேளையில் அக்கா அந்தச் சுற்றுலாக்களின் படம் போட்ட வண்ணத் தாளோடு படியிறங்கி வந்துவிடுவார். “இது ஒர்த்தா தம்பி?”

அவருக்கு எல்லாக் கணக்கும் ரூம் வாடகையில்தான். யானைக் காட்டுக்குள் ஜீப்பில் போகிற பயணம், “ஏசி ரூம் மூணு நாளு வாடக. எங்க குப்பம் ஊரு பக்கம் போனா யான துட்டு வாங்காம தொரத்திக்கினு வரும்.” மசாலாத் தோட்டம், “மெளகுச் செடிய பாக்கறதுக்கா? மெளகையே செட்டியாரு கடையில பாத்துக்கறேன்.” கண்ணாடிப் படகில் மீன் பார்ப்பது, “அது ஏசி ரூம் வாடக. நான் ஏசி போடாத ரூம் ஆளு. எனக்கெதுக்கு அது?” இப்படி ஒவ்வொன்றையும் அடித்துத் தள்ளுவார். நானும் எதிர்வாதம் செய்வேன். அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

ஒன்றைப் பற்றி மட்டும் ஒர்த்தா என்று அவர் கேட்டதில்லை. திருகோணமலையில் கடலுக்குமேல் செங்குத்தாக நிற்கிற பாறை உச்சியில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அதன் படத்தை மட்டும் கத்தரித்துக் கவுண்ட்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். ஒருநாள் விரல்களை எதிர்பார்த்துக் குனிந்திருந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மேல நின்னா கீழ ஒரே தண்ணி. அங்க போயி ஒரு தபா நிக்கணும்,” என்றார். வேறு எதுவும் அவர் இப்படி ஆசைப்பட்டுக் கேட்டு நான் அறியேன். அதற்கு மட்டுமாவது இப்போதே பணம் கட்டிவிடுங்கள் என்றேன். அகிலாவைக் கேட்டுக்கொண்டு சொல்வதாகச் சொன்னார். அகிலா நாளைக்கு நாளைக்கு என்றாள். கிளம்புகிற வாரத்தில் போன் வந்தது. லீவு கிடைக்கவில்லை, அத்தை மட்டும் போய்வரட்டும். டிக்கெட் பணம் திரும்பாது.

வராமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். வந்துவிட்டார், புதுச் செருப்போடு.

கப்பலில் அக்காவின் கேபினைச் சுத்தம் செய்ய வந்த பையனுக்கு வேலையே இல்லை. அவன் வருமுன் போர்வையை உதறி, நான்கு மூலையும் மடித்துச் செருகி வைத்துவிடுவார். ஆள் படுக்காத அடுத்த கட்டிலுக்கும் அதே உபசாரம். தலையணை உறையை முகர்ந்து பார்த்து, “பவுடரு கம்மியா போட்டிருக்கான்” என்று என்னிடம் புகார் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் குழுவின் குடும்பங்கள் ஆறு பேர் மேசை, எட்டுப் பேர் மேசை என்று சேர்ந்து உட்கார்ந்துவிடும். அக்கா தட்டோடு தூணோரம் நின்று சாப்பிடுவார். நான் கூப்பிட்டால், “முடிஞ்சிது தம்பி, முடிஞ்சிது” என்பார்.

முதலில் கப்பல் நின்றது அம்பாந்தோட்டையில். எல்லாரும் யானை பார்க்கக் கிளம்பினோம். அக்கா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையசைத்தார். மாலையில் திரும்பியபோது கேபின் பையன் என்னைத் தனியே அழைத்து, உங்கள் அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டான். பகல் முழுக்கக் கப்பல் காலியாகக் கிடந்திருக்கிறது. அக்கா ஆளில்லாத நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து, ஒவ்வொரு கேபின் கதவின் பிடியையும் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனாராம். ஒரு மாடி முடிந்ததும் அடுத்த மாடி. அது அவர் வழக்கம் என்று சொல்லி அனுப்பினேன். 

திருகோணமலை வந்த காலையில் எனக்கு முன்பே அக்கா சுற்றுலா மேசைக்கு வந்துவிட்டிருந்தார். பட்டுச்சேலை, தலையில் பூ. கத்தரித்த படம் கையில். கோயிலுக்குப் போகிற பஸ் முன்பதிவிலேயே நிறைந்துவிட்டது. முன்பே பணம் கட்டியிருந்த எங்கள் ஆட்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் சீட்டில் நீங்கள் போங்கள் அக்கா என்றேன். “நீ லீடரு. நீ எறங்கிட்டா அத்தினி பேரும் எங்க போவாங்க?” என்று என்னைத் தள்ளிவிட்டார். மிச்சமிருந்தது கார் மட்டும்தான்.

மேசைக்குப் பின்னால் சட்டையில் பிரித்திகா என்று பெயர் குத்தியிருந்த சென்னைப் பெண். கையிலிருந்த திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “எத்தனை பேர் மேடம்?”

அக்கா ஒற்றை விரலைக் காட்டினார்.

“கார் மினிமம் ரெண்டு பேர் மேடம். சிங்கிளா போறதுன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து நீங்களே பே பண்ணணும்.”

அக்காவிடம் பணம் இருந்தது எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்துக் குனிந்தபடியே நின்றார். “காலிக் கட்டிலுக்கு ஏற்கெனவே கட்டிட்டேன் தம்பி. காலி சீட்டுக்கும் கட்டச் சொல்றாங்க. பக்கத்துல ஆளில்லாத சீட்ட பாத்துக்கினே மல ஏறணுமா?” என்று என்னிடம்தான் சொன்னார், ஆனால் குரல் எனக்குச் சொன்னதாக இல்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அக்கா போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பாறை மறுபடி கண்ணாடிக்கு அடியில்தான் என்று எனக்கு உறைத்தது.

“நானும் ஒருத்தன்தாம்மா. சேந்துகினா ரெண்டு ஆயிடும்.”

வரிசையில் பின்னால் நின்றவர் சொன்னார். பெயர் நாகபூஷணம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வேறொரு குழுவில் வந்தவர், மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் டிக்கெட் வாங்கி ஏற்றிவிட்டிருக்கிறான். பிரித்திகாவுக்குச் சந்தோஷம். அக்கா சட்டென்று ஓரடி பின்வாங்கினார். “வேணா சார். நீங்க போய்ட்டு வாங்க.”

நாகபூஷணம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “தப்பா நெனைக்காதம்மா. திருப்பதியில ஸ்டேஷனுக்கு எதுக்கால லாட்ஜில இருக்கறது நீதான?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்னிய எப்பிடித் தெரியும்?”

“மொகம் தெரியாது. இந்தத் தலையத்தான் பாத்தேன், இதோ இப்பிடி குனிஞ்சிருந்த தலை. கொரலுந்தான். எங்க வூட்டம்மா தவறிப்போச்சு. அது வேண்டிக்கினு இருந்துச்சின்னு முடி குடுக்க வந்தேன். வெரலக் காட்டினேன். லேதுன்னுட்ட.” அவர் பேச்சில் கோபம் எதுவும் இல்லை. பஸ் தவறிப்போன கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். “அப்பறம் இன்னா, ஸ்டேஷன்லயே பேப்பர விரிச்சிப் படுத்துக்கினேன்.”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்க அதைவிட. எத்தனையோ பேர் படியிறங்கிப் போனதை நானும்தான் பார்த்தேன், ஆனால் அதில் ஒருவர் திரும்பி வந்து எதிரே நிற்பார் என்று நினைத்ததில்லை.  பிரித்திகா ஒரு தடவை இருமினாள்.

“அன்னிக்கி மழையா சார்?” என்று அக்கா கேட்டார்.

“இல்லம்மா. நல்ல காத்து.”

மறுபடி ஹாரன். நான் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாசலில் தவித்தேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு அவர் கை நீண்டது, உள்ளங்கை மேலே பார்க்க, லாட்ஜில் நீளுகிற அதே மாதிரி.

“ஆதார் கீதா?”

இலங்கைத் துறைமுகத்தில் ஆதாருக்கு என்ன வேலை என்று நாகபூஷணம் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தார். அக்கா முன்பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தை உதடு அசையப் படித்தார்.

“குடிபாலாவா? எனக்கு நகரி. அட்ரஸ் வேற வேறயா கீதே.”

“கோயிலுக்குப் போறதுக்கு இன்னாத்துக்கும்மா ஒரே அட்ரஸு?”

அக்கா அட்டையைத் திருப்பித் தரவில்லை. தன் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு மேசைப் பக்கம் திரும்பித் தலையை நன்றாக நிமிர்த்தி, பிரித்திகாவுக்கு இரண்டு விரலைக் காட்டினார்.