மருந்துக்கு ஐடென்டி பார்க்கத் தெரியுமா?

“சோதனைச் சாவடி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்றார் எங்கள் கேம்பஸ் விரிவுரையாளர். மருந்தைச் சுமந்து போகும் நனோத்துகளின் மேல் அன்டிபொடி என்கிற பிறபொருளெதிரியை ஒட்டிவிட்டால், அது உடற்கலங்களின் மேற்பரப்பில் அடையாளம் தேடி, புற்றுக்கலத்தைப் பிடித்து மருந்தை இறக்கும். வகுப்பே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முந்தின கிழமைதான் அம்மாவை மார்புப் புற்றுக்கு மருந்தேற்றப் புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் கூட்டி வந்திருந்தேன். நண்பகலுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு மருந்து கலக்க மாட்டார்கள். கம்பளை தாண்டியதும் சாவடி. தமிழ்ப் பெயர்க்காரர்கள் எல்லோரும் இறங்க வேண்டும். அம்மாவின் ஐடென்டி அட்டைப் படத்தில் அடர்ந்த முடியும் பெரிய பொட்டும். எதிரே நின்றவளுக்கு மருந்தால் புருவம்கூட இல்லை.

“மே ஒயா நெவெய்” என்றான் சிப்பாய். இது நீ இல்லையாம்.

கிளினிக் அட்டையைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினேன். தலைத்துணியைக் கழற்றச் சொன்னான். பஸ் சன்னல் முழுக்க முகங்கள். அம்மா கழற்றினாள்.

“நல்லா பாருங்க தம்பி, குண்டு இதுக்குள்ளயா இருக்கு?”

அவனுக்குத் தமிழ் புரியவில்லை. பெரியவன் வரும்வரை நிற்க வைத்தார்கள். பஸ் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வாயை மூடிக்கொண்டிருக்கவா படித்தேன்? வகுப்பில் எழுந்தேன்.

“சேர், சாவடி அப்படி வேலை செய்வதில்லை. அது என் அம்மாவுக்கு இப்போது ஏற்றுகிற மருந்து மாதிரி. வேகமாக வளர்வதெல்லாம் அதற்கு எதிரி. கட்டி, முடி, வாயின் உள்தோல், எல்லாவற்றையும் இறக்கி நிறுத்தும்.”

பின்வரிசையில் யாரோ “கொட்டியா” என்றான். புலியாம். “வகுப்பில் அரசியல் வேண்டாம்” என்றார் சேர், என்னைப் பார்த்து. சாவடியை வகுப்புக்குள் கொண்டுவந்தது நானா?

வீட்டுக்குப் போய், சேர் சொன்ன மருந்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப மருந்துக்கே ஐடென்டி பாக்கத் தெரியும்ங்கற. அந்த மருந்து எப்ப புள்ள வரும்?”

“இன்னும் எலிக்குத்தாம்மா குடுத்துப் பாக்குறாங்க.”

“குடுத்து வச்ச எலி.”

ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில், முதல் பஸ்ஸிலேயே ஏறினோம். அம்மா தலைக்குத் துணி கட்டவில்லை.

“கட்டுனா கழட்டச் சொல்லி நேரத்தக் கடத்துவான். வா.”

சாவடியில் மறுபடியும் இறக்கினார்கள். அதே படம், அதே கேள்வி. ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்; மருந்து ஏறியது. அதற்காக என் அம்மா மொட்டைத் தலையோடு கண்டி டவுனைக் கடக்க வேண்டியிருந்தது.