கீழே விழாத மெழுகுதிரி

பேராலயத்தின் வடபுறச் சுவரோரம் உள்ள கல்லறையில் இப்படிப் பொறித்திருக்கிறார்கள்: "இங்கே துயில்பவர் கெர்லாக், பேராயர், உயர்குடிப் பிறந்தவர், திருச்சபையின் சிங்கம், பகைவர்க்குச் சம்மட்டி, இரவும் பகலும் கண்ணுறங்காத மேய்ப்பர்." துயில்பவர் என்பதிலும் உயர்குடி என்பதிலும் பிழையில்லை. மற்றது சிற்பியின் தாராளம். காலடியில் ஒரு சிங்கத்தையும் செதுக்கிவிட்டான். உயிரோடிருந்த காலத்தில் அங்கே படுத்துக் கிடந்தது ஒரு நொண்டி வாத்து.

ரவுட்டென்ஃபெல்ஸ் கோட்டையில் மூன்று ஆண்பிள்ளைகள். மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்கு வாள், கடைக்குட்டிக்குத் தேவாலயம் என்று பங்கு பிரித்தாகியிருந்தது. ஒன்பது வயதில் கெர்லாக்கின் உச்சந்தலையை மழித்தார்கள். அவன் கேட்டது ஒன்றுதான்: அங்கிருந்து ஆறு தெரியுமா? தெரிந்தது. அதோடு அவன் ஆசைகள் தீர்ந்தன.

முப்பத்திரண்டு வயதில் பேராயரானதிலும் அவர் முயற்சி ஏதுமில்லை. பேராலயத்துக் குருக்கள் இருபத்துநான்கு பேரும் இரண்டு வல்லவர்களுக்காகச் சரிபாதியாகப் பிரிந்து ஏழு வாரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில், சீக்கிரம் சாகக்கூடியவர் யாரோ அவரைத் தேர்ந்தெடுப்போம் என்று சமாதானமாயிற்று. கெர்லாக் அந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார். தேர்தல் முடிந்த மறுவாரம் இருமல் நின்றுபோனது. இருபத்தேழு வருஷம் இருந்தார். இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேரை அவரே அடக்கம் செய்தார்.

வழக்கு கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். கண்ணுக்குள் ஆறு ஓடும், மூடுபனி இறங்கும். திறந்து பார்த்தால் வழக்காடியவர்கள் அலுத்துப்போய்த் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல தீர்ப்பு என்று ஊர் மெச்சும்.

பன்னிரண்டாம் வருஷத்து இலையுதிர்காலத்தில் மூத்த அண்ணன் ரைன்மார் வந்தார். ஆற்றுக்குக் குறுக்கே மாவு ஆலைக்கென்று ஓர் அணை கட்டியிருந்தார். கட்டுவதற்கு முந்தைய நாள் அதில் பாதியைப் பேராலயத்துக்கு எழுதிவைத்த பக்திமான். அணையால் மீன் மேலேறாமல் போகவே, ஓட்டர்வேர்ட் கிராமத்தார் கோடாலியோடு வந்து அதை உடைத்துவிட்டார்கள். ஆக, உடைந்தது திருச்சபையின் சொத்து.

"மூணு எச்சரிக்கையும் குடுத்தாச்சு. அந்த ஊரையே சபையிலேர்ந்து விலக்கி வை," என்றார் ரைன்மார்.

"நானூறு பேர் இருக்காங்கண்ணா. எல்லாருமா கோடாலி தூக்கினாங்க?"

"தூக்காதவன் வேடிக்கை பாத்தான். நீ சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்டா. படகுல ஏறினதும் தூங்கிடுவ, துடுப்பு நான் போடணும்."

"நீ நல்லா போடுவியே."

"ஞாயித்துக்கிழமை செய்யல, ரோமுக்கு எழுதுவேன். உன் நாற்காலிக்கு வேற ஆள் வருவான். அவன் முழிச்சிட்டிருப்பான். ஊரோட சேத்து ஆத்தையும் விலக்கி வெப்பான்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது கெர்லாக்குக்குத் தெரியும். மறுத்தால் அடுத்தவன் செய்வான். மறுக்காவிட்டால் தானே செய்ய வேண்டும்.

சனிக்கிழமை அந்த ஊர்ப் படகுக்காரி இர்ம்ட்ரூட், நிறைமாத வயிற்றோடு, புகையில் வாட்டிய விலாங்கு ஒன்றை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆண்டவர் ஓய்வெடுக்கறார்," என்றார் வாசலில் பணியாளர் லுட்கெர்.

"ஓய்வெடுக்காத நேரம்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்கய்யா, அப்ப வரேன்," என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே வந்துவிட்டாள். வாத்து சீறியது, பிறகு அவள் காலடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

"சாமி, மூணு புள்ளைங்களப் பொறந்த வாரமே பறிகொடுத்தவ நான். மூணும் கோயில் மண்ணுல கெடக்கு. ஊர விலக்கி வெச்சுட்டா இத எங்க கொண்டுபோயி பொதைப்பேன்?"

"இது பொழைக்கும்மா."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் இலையில் சுற்றியிருந்த விலாங்கைப் பார்த்தார். பிறகு, "மீன் மேல வருதா?" என்று கேட்டார்.

"வருது. கோடாலி புடிச்சதுல நானும் ஒருத்தி."

ஞாயிறு நண்பகல் பேராலயத்தின் பெருங்கதவைத் திறந்து வைத்தார்கள். விலக்கிவைக்கும் சடங்கில் பன்னிரண்டு குருக்கள் ஆளுக்கொரு மெழுகுதிரி ஏந்தி நிற்பார்கள். சாபம் படித்து முடித்ததும் பேராயர் தம் திரியைத் தரையில் போட்டு மிதித்து அணைக்க வேண்டும்; மற்றவர்கள் தொடர வேண்டும். திரிகளை மிதித்து அணைத்தால்தான் சாபம் பலிக்கும். மாலைச் செப மணிக்கு முன் முடியாவிட்டால் படித்ததெல்லாம் படிக்காததாகும் என்றும் ஒரு விதி உண்டு. ஒருபோதும் தேவைப்படாததால் எல்லோரும் அதை மறந்திருந்தார்கள். தூங்குவதற்கென்றே நூலகத்துக்குப் போகிற கெர்லாக் எப்போதோ அதைப் படித்திருந்தார்.

ஊரே பார்க்கட்டும் என்று பேராயருக்கான திரியை ரைன்மாரே செய்து அனுப்பியிருந்தார். முன்கை பருமன்.

கெர்லாக் ஒரு சொல் விடாமல் படித்தார். பிறகு சுடரைப் பார்த்தபடி நின்றார். கதவு வழியாக ஆற்றுப் பனி உள்ளே வந்து தூண்களின் இடுப்புவரை ஏறியது. சுடருக்குள் ஒரு படகு போயிற்று. சின்ன ரைன்மார் துடுப்பு போட்டான்; தண்ணீருக்கடியில் மீன்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தன. உருகிய மெழுகு விரல்களின் மேல் வழிந்து, சுட்டு, இறுகியது. குருக்களின் சின்னத் திரிகள் ஒவ்வொன்றாகக் கையிலேயே கரைந்து முடிந்தன.

"போடுடா," என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது எங்கோ அக்கரையிலிருந்து கேட்டது.

"தூங்கிட்டாருங்க," என்றார் லுட்கெர், வருத்தமாக.

மாலை மணி அடித்தது.

விதிப்படி, மூன்று எச்சரிக்கையையும் புதிதாகத் தொடங்க வேண்டும். எச்சரிக்கை கொண்டுபோகிறவர் ஆற்றைக் கடக்க வேண்டும், படகுக்காரிக்கோ நிறைமாதம். பிறகு ஆறு உறைந்தது. பனி உருகியபோது ரைன்மாருக்கு வேறொரு சண்டை வந்திருந்தது. ரோமுக்கும் அவர் எழுதவில்லை. தம்பி மறுத்தான் என்று எழுத முடியாது, எல்லாவற்றையும் படித்திருந்தான். தூங்கிவிட்டான் என்று எழுதக் குலப்பெருமை இடம் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோராம் நாள் இர்ம்ட்ரூடுக்குப் பெண் பிறந்தது. நான்கு நாள் இருந்தது. மற்ற மூன்றின் பக்கத்தில் கோயில் மண்ணில் புதைத்தார்கள்.

அன்று பேராயர் தூங்கினாரா என்று ஊரில் இன்னும் வாதம் உண்டு. அவர் தூங்கவில்லை. நண்பகலிலிருந்து மாலை மணிவரை ஒரு மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதைக் கீழே போடவில்லை.