நுரைத் தண்ணியும் புளிப்பு மாத்திரையும்

விசா வந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் காலைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். கீழவாஞ்சூரில் இருக்கும் தன் கூடப்பிறந்த லாத்தாவிடம் சேதி சொல்ல சைக்கிளில் பறந்த மனுசன், திரும்பும்போது கவிழ்ந்து, துருப்பிடித்த மட்கார்டில் கெண்டைக்காலைப் பிளந்துகொண்டார். சந்தோசத்தில் கண்ணு மண்ணு தெரியாமல் மிதித்திருக்கிறார். என்னத்தைச் சொல்ல!

எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலில் எங்கள் தெரு ஆம்பளைகள் பாதிப்பேர் சவூதியிலும் துபாயிலும் இருந்தார்கள். இவர் மட்டும் பம்பாய்க்குப் போய் ஏஜெண்டு வாசலில் காத்துக் கிடந்து, ஏமாந்து திரும்பி, வந்தவன் போனவன் கேலிக்கெல்லாம் ஆளாகி, கடைசியில் இந்த ஒரு விசாவைத்தான் பிடித்திருந்தார்.

புது ஏஜெண்டு ஒரே போடாகப் போட்டான். "மெடிக்கல் டெஸ்ட்டுல கைலியத் தூக்கிப் பாப்பாங்க பாய். புண்ணோட போனா அன்ஃபிட்டுதான். ஆறினப்புறம் வாங்க. ஆனா மாசக் கடைசியோட விசா செத்துடும், சொல்லிட்டேன்."

அதோடு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கம்பவுண்டர் ஒரு பாட்டில் பெராக்சைடு கொடுத்தார். ஒரு தடவை கழுவத்தான் கொடுத்தார். ஊற்றினால் புஸ்ஸென்று வெள்ளையாக நுரைத்தது. அதைப் பார்ப்பதில் இவருக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. "பாரு புள்ள, அழுக்கெல்லாம் பொங்கிக்கிட்டு வருது" என்பார். சோறு தின்றாரோ இல்லையோ, வேளாவேளைக்குப் புண்ணை நுரைக்க வைத்தார்.

அதோடு விட்டாரா? புண் ஆற வைட்டமின் சி நல்லது என்று பள்ளிவாசலில் எவரோ சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் மிட்டாய் மாதிரி சப்புமே, அந்தப் புளிப்பு மாத்திரை. தின்றுவிட்டுப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இவர் அதை அம்மியில் வைத்துப் பொடித்தார்.

"என்ன மச்சான் செய்றீங்க?"

"வாயில போட்டா வயித்துக்குப் போயி அப்பறம்ல காலுக்கு எறங்கணும்? அதுக்குள்ள மாசம் முடிஞ்சிரும். நேரா புண்ணுலயே போட்டுட்டா?"

பொடியை அப்பி, அதன் மேலேயே பெராக்சைடை ஊற்றினார். வலியில் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எரிகிறதென்றால் வேலை செய்கிறதாம்! "புண்ணா மச்சான் அது, புளிக்குழம்பா?" என்று கத்திக்கொண்டு பாட்டிலைப் பிடுங்கினேன். "இந்தத் தடவையும் போச்சுன்னா தெருவுல தலைகாட்ட முடியாது புள்ள. குடு" என்று என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நாளுக்கு நாள் புண் அகன்றது. ஓரம் வெளுத்தது, பிறகு கறுத்தது. இவர் இன்னும் அதிகமாகப் பொடி போட்டார். யா அல்லாஹ், இது என்ன முஸீபத்து என்று தொழுகைப் பாயிலேயே அழுதேன். கடைசியில் நடக்க முடியாமல் போனதும், ரிக்சா வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்ன போட்டீங்க என்று கேட்டார், சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ரத்தத்துல இரும்பு இருக்கும்மா. இந்த வைட்டமின் அந்த இரும்ப முடுக்கிவிடுது. இரும்பு பெராக்சைட உடைக்குது. அதுலேருந்து பொறக்குறதுக்கு ஃப்ரீ ராடிக்கல்னு பேரு. கண்ணு மூடித் தொறக்குற நேரம்கூட நிக்காது. ஆனா பக்கத்துல இருக்கறத அரிக்காம விடாது. அழுகின சதை, புதுசா வளர்ற சதைங்கற பேதமெல்லாம் அதுக்குக் கெடையாது. இனிமே சுத்தமான தண்ணியில கழுவி, கட்டுப் போட்டு, கைய வெக்காம இருங்க."

இவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மாசக் கடைசிக்குள்ள ஆறிடுமா டாக்டர்?"

"ஆறிடும் பாய். ஆனா மாசக் கடைசிக்குள்ள ஆறாது."

சும்மா விட்ட பிறகு அந்தப் புண் சமர்த்தாக மூட ஆரம்பித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இந்தப் பாழாய்ப்போன கால் முதல் நாளிலிருந்தே இப்படி ஆறியிருக்குமே! மாசம் முடிந்தது. விசாவும் போனது. ஏஜெண்டு அந்த வேலைக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டான்.

புண் மேல் காய்ந்திருந்த பக்கு உதிர்ந்த அன்று பகல் இவர் என்னைக் கூப்பிட்டார். காலை நீட்டி, புதுத் தோலை விரலால் அழுத்தி அழுத்திக் காட்டினார்.

"தொட்டுப் பாரு புள்ள. வலிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.