விரதத்தில் நிறுத்திய மருந்து

என் மகளுக்கு ஒன்பது வயது. கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த கோளாறு என்று மருத்துவர் சொன்னது போன வருடம், தீபாவளிக்கு அடுத்த வாரம். அதற்கு முன்பே எங்கள் சொந்தக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்: திமிர், செல்லம், அப்பன் கை நீட்டாத வளர்ப்பு. நான் கிடைத்ததையெல்லாம் படித்து எடுத்துச் சொன்னேன். புத்தகம் பிள்ளை வளர்க்குமா என்று சிரித்தார்கள்.

தினமும் காலையில் ஒரு கேப்சூல். கார்த்திகைக்குள் வித்தியாசம் தெரிந்தது. ஒரு பக்கக் கணக்கை எழுந்திருக்காமல் போட்டு முடித்தாள். யார் மேலும் கை வைக்கவில்லை.

இந்த வருடம் ஜனவரியில் பள்ளி திறந்த சில நாட்களில் தைப்பூச விரதம் தொடங்கியது. நானும் மனைவியும் விடியுமுன்பே பத்து காவான் தொழிற்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். மகளுக்குப் பசியாறக் கொடுத்து, மருந்து தந்து, பள்ளிக்கு அனுப்புவது எங்களோடு இருக்கும் மனைவியின் அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டார். மகள் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள். வளர்ப்பு சரியில்லை, இன்னொரு தடவை நடந்தால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூக்குக்கண்ணாடி உடைந்த பிள்ளை பலகையைத் தப்பாகப் படித்தால் யாராவது வளர்ப்பைக் குறை சொல்வார்களா?

வீட்டுக்கு வந்து, மருந்து கொடுக்கிறீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அந்தக் கேப்சூல் கூடு மாட்டு எலும்புல செய்யறதாம், தம்பி. கோயில்ல சொன்னாங்க. விரத வீட்ல அதையா பிள்ளைக்குக் குடுக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தைப்பூசம் வரைக்கும்தானே. நான் பால்குடம் எடுக்கறதே அவளுக்காகத்தான்லா."

பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அவளுக்குக் கைகொடுத்த மருந்தை நிறுத்தியிருக்கிறார்.

திங்களன்று விடுப்பு எடுத்து மருத்துவமனைக்குப் போனேன். கேப்சூல் கூடே இல்லாத மாத்திரை இருக்கிறதாம். மருத்துவர் மாற்றி எழுதித் தந்தார். கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும். கேட்பதற்குப் பதிலாகக் கோயில் வாசலில் யாரோ சொன்னதை அக்கா நம்பிவிட்டார்.

மறுநாள் அக்காவையும் பள்ளிக்கு அழைத்துப் போனேன். தலைமையாசிரியை முன்னால், நீங்களே சொல்லுங்கள் என்றேன். மஞ்சள் சேலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர், தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பிள்ளையைத் தப்பா நினைக்காதீங்க டீச்சர். மருந்த நிறுத்தினது நான்தான்."

சரி, இங்கேயே படிக்கட்டும் என்றார் தலைமையாசிரியை. வளர்ப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து வகுப்புப் பக்கம் நடந்தோம். என் மகளின் மேசையை வகுப்புக்கு வெளியே, நடைபாதையில் போட்டிருந்தார்கள். அவள் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க காத்து நல்லா வருது" என்றாள்.

எழுந்திரு என்றேன். மேசையைத் தூக்கினேன். பின்னாலேயே அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வகுப்பு வாசலில் நின்ற ஆசிரியை என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. அவர் ஒதுங்கி வழிவிட வேண்டியதாயிற்று.