பன்றி கேட்கும் ரேடியோ

நெல்லிவாசல்நாட்டில் சாமை பயிரிடும் நதியா, கதிர் பிடித்ததும் கொல்லை நடுவே கம்பு நட்டு ரேடியோவைத் தொங்கவிடுவாள். அது ஓடிக்கொண்டே இருந்தால் காட்டுப்பன்றி கிட்டே வராது.

வானொலியை டிஜிட்டலுக்கு மாற்றும் முன் மக்கள் கருத்தைக் கேட்க அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். புதுப் பெட்டியைக் காட்டி, "இரைச்சலே இருக்காதும்மா" என்றார். ஊரே தலையாட்டியது. படித்தவன் என்று பெயரெடுத்த நானும் வெட்கமில்லாமல் ஆட்டினேன்.

நதியா மட்டும் பாடிக்கொண்டிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, பள்ளத்திலிருந்த தன் கொல்லைக்கு இறங்கினாள். அதிகாரி பின்னாலேயே ஓடினார். பாதி வழியில் பாட்டு சட்டென்று நின்றது. பிறகு சத்தமே இல்லை.

"சிக்னல் கொறஞ்சா அப்படித்தாம்மா."

"என்னுது சிக்னல் போனாலும் கொர்ருன்னு இரைஞ்சினே இருக்கும் சார். பன்னிக்கு அது போதும். இது கம்முனு ஆய்ட்டா என் சாமைக்கு இன்னா வழிங்க?"

அதிகாரி படிவத்தைப் புரட்டினார். இதற்கு அதில் இடமே இல்லை.

"ஓரத்துல எழுதுங்க சார். பழைய ஒலிபரப்ப நிறுத்தாதீங்கன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தார். "ரேடியோ கேக்கறவங்க எத்தனை பேரும்மா?"

"வூட்ல மூணு பேருங்க. கொல்லையில கேட்டுட்டு ஓடறது இருபது இருக்கும். அதையும் சேத்துக்குங்க."