திரை மங்கினால்

எங்கள் புது வீட்டுக்கு வரும் வழியைக் கணினி வரைபடத்திலிருந்து வெட்டி அனுப்பும்படி அரியலூரிலிருந்து தங்கை போனில் சொன்னாள். அவள் சொன்னபடியே விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். திரை மங்கியது. எங்கள் வேப்பந்தட்டையில் கிணற்று மோட்டார்கள் ஓடினால் வோல்டேஜ் குறையும். கணினி கெட்டுவிடுமே என்று ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். திரும்பப் போட்டு, வரைபடத்தைத் திறந்து அதே மூன்றையும் அழுத்தினேன், மறுபடியும் மங்கல். ஆனால் மின்விசிறி வேகம் குறையாமல் சுற்றியது. ஒன்றும் விளங்காமல் தங்கையிடம் சொன்னேன்.

"அக்கா, மங்குனாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வேணுங்கிற இடத்த மவுசால இழு."

நன்றாக வேலை செய்கிற எதுவாவது எங்கள் ஊரில் மங்குமா? எரிச்சலோடு இழுத்தேன். இழுத்த இடம் மட்டும் பளிச்சென்றது. அதற்குள் ட்யூப்லைட்டும் மங்கியது. இதுவும் வேலை செய்வதாகத்தான் அர்த்தம்போல என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கணினி அணைந்தது.